நூறுன்னு எழுதின ஸ்பிரிங்

எங்க ஆளுக யாரும் உள்ள இல்லீங்க்கா. வெளிய மரத்தடியில ஒரு வெள்ள வண்டி நிக்குது பாருங்க, ஏழு பேர் உக்கார்ற வண்டி, அதுல வந்தேன். வால்பாறையில இருந்து மூணு பேரு டயாலிசிஸுக்கு வந்திருக்காங்க. அவிய முடிச்சு வந்ததும் அவியகூடவே திரும்ப மேல போகோணும். மத்தியானம் ரெண்டு மணி ஆகுமாம். பயமெல்லாம் இல்ல.

உங்க வீட்டுக்காரருங்களா உள்ள? மொதத் தடவையா? ஒண்ணும் ஆகாதுங்க. இங்க நல்லாப் பாக்கறாங்கன்னு இவிய மூணு பேருமே சொல்றாங்க. இந்த நாலு மணி நேரம் வெளிய உக்காந்திருக்கறதுதான் கஷ்டம். நான் எதுக்கு வந்தேன்னு சொல்றேன், கேளுங்க. யாருகிட்டயாவது சொன்னாத் தேவலையாட்டம் இருக்குது.

எம் பேரு சாந்தாமணி. கோயமுத்தூர்ல கணபதியில எங்களுக்குப் பட்டறை. எங்கூட்டுக்காரரு கனகராசுன்னு பேரு. காருக்கு அடியில இருக்கற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரு, இதுதான் எங்களுக்கு வேலை. வண்டி தாழ இடிக்குது, லோடு ஏத்தினா பின்னால உக்காருது, வளைவுல சாயுதுன்னு வருவாங்க. பழைய ஸ்பிரிங்கக் கழட்டிட்டு வேற பலத்துல மாட்டிக் குடுப்போம். மாட்டறது அவரு. அளக்கறது நானு.

அளக்கறதுன்னா நீளத்த இல்லீங்க்கா, பலத்த. பிரஸ்னு அமுக்கற மிசின் இருக்குது, அதுல ஸ்பிரிங்க நிக்க வெச்சு ஒரு அங்குலம் அமுக்கோணும். அடியில இருக்கற மீட்டரு எத்தன கிலோன்னு காட்டும். இன்னொரு அங்குலம் அமுக்கோணும். அங்குலத்துக்கு நூறு கிலோ ஏறுச்சுன்னா அது நூறு ஸ்பிரிங்கு. எழுபது ஏறுச்சுன்னா எழுபது. இடதும் வலதும் ஒரே நம்பர்ல இருக்கோணும். ரெண்டு மூணு கிலோ முன்னப் பின்ன இருந்தாப் பரவால்ல. அதுக்கு மேல போனா வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி நடக்கும். பதினோரு வருசமா அளக்கறேன். ஒரு வண்டிகூட திரும்பி வந்ததில்ல.

நான் வந்த அந்த வெள்ள வண்டி டிரைவரு பேரு செல்வின். எஸ்டேட்ல பொறந்து வளந்தவரு. வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இந்த மூணு பேரையும் இங்க கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறாரு. நாப்பது கொண்டை ஊசி வளைவுங்க. எறங்கும்போது நாப்பது, ஏறும்போது நாப்பது. ஆடி மாச மழையில ரோடெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலயும் வண்டி பின்னால டம்முனு உக்காந்து இடிக்குது, உள்ள இருக்கறவிய துடிச்சுப் போறாங்கன்னு எங்ககிட்ட வந்தாரு. ஒரு திங்கக்கிழமை மத்தியானம். "அக்கா, வண்டியில வர்ற புஷ்பத்தக்கா ஒவ்வொரு இடிக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு ஜெபம் பண்றாங்க. என்னால கண்ணாடியில பாக்க முடியல"ன்னாரு.

பழைய ஸ்பிரிங்க அளந்தேன், எழுபது. அவரு ஏத்தற ஆளுகளுக்கும் சாமானுக்கும் பின்னால நூறு போட்டாச் சரியா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். புதுசு ஒரு ஜோடி எடுத்து இடது பக்கத்துத அளந்தேன். சரியா நூறு. நோட்டுல எழுதினேன். வலது பக்கத்துத பிரஸ்ல வெக்கப் போறேன், கரண்டு போயிருச்சு.

கரண்டு போனா நான் என்ன பண்ண முடியுங்க்கா? மீட்டரு எப்படி ஓடும்? செல்வின் வேற வானத்தப் பாத்துட்டு நிக்கறாரு. மழை புடிக்கறதுக்கு மின்ன மலையேறோணும். எங்கூட்டுக்காரரு வண்டிக்கு அடியில படுத்துட்டு, "சாந்தா, அடுத்ததையும் குடுத்து வெய்யி"ன்னாரு. ரெண்டும் ஒரே கருப்புப் பெயிண்டு. ஒரே உசரம். சுத்து எண்ணினேன், அதுவும் ஒண்ணுதான். குடுத்துட்டேன். நோட்டுல மேல இருக்கற நம்பரையே கீழயும் எழுதினேன். நூறு. நானா ஒரு நம்பர யோசிச்சு எழுதலீங்க. மேல இருந்தததான் எழுதினேன்.

வண்டி மூணு மணிக்குக் கெளம்பிருச்சு.

அஞ்சு மணி இருக்கும். வேற ஒரு வண்டிக்கு அதே சரக்குல இன்னொரு ஜோடி பிரிச்சேன். ஒண்ணு நூறு காட்டுச்சு. இன்னொண்ண வெச்சு அமுக்கினேன், எழுபத்தாறு. மீட்டருதான் கோளாறுன்னு மறுபடி அமுக்கினேன். எழுபத்தாறு. வெர்னியர் அளவுகோல எடுத்து ஸ்பிரிங் கம்பியோட தடிமன அளந்தேன். ஒண்ணு பன்னெண்டு மில்லிமீட்டரு, இன்னொண்ணு பதினொண்ணு சொச்சம். ஒரு மில்லிமீட்டருகூட வித்தியாசமில்ல. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா அதுலயே கால் பங்கு பலம் போயிருச்சு. வேற ரகத்து ஸ்பிரிங்கு அந்தச் சரக்குல கலந்து வந்திருக்குது.

செல்வின் வண்டிக்குக் குடுத்ததும் இதே சரக்குதாங்க்கா.

வலது பக்கம் எழுபத்தாறு மாட்டியிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் அவ்வளவு நல்லாத் தெரியும். பழசு எழுபதுதான்னாலும் ரெண்டு பக்கமும் சமமா உக்காந்துச்சு; இப்ப ஆளுக ஏறினா இடது தூக்கி, வலப் பக்கம் மட்டும் தாழ்ந்து நிக்கும். எறக்கத்துல இடது பக்கம் திரும்பற ஒவ்வொரு வளைவுலயும் மொத்த பாரமும் வலப் பக்கந்தான் சாயும். அந்த எளப்பமான ஸ்பிரிங்கு ஒரேயடியா உக்காந்து, உள்ள இருக்கற ரப்பர் கட்டையில போய் முட்டும். முட்டின நிமிசம் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. ஈர ரோட்டுல பின் பக்கம் அப்படியே வழுக்கி வெளிய போகும். வெளிய என்ன இருக்குது? முழங்கால் உசரச் சுவரு. அதுக்கங்கட்டு ஒண்ணுமில்ல.

செல்வினுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுச்சு. பதினாலு தடவ போட்டேன். மலையில மழைக்கு டவர் போயிருந்துச்சாம், அது பொறகுதான் தெரிஞ்சுது.

எங்கூட்டுக்காரருகிட்ட அந்த ரெண்டு ஸ்பிரிங்கையும் காட்டினேன். அவரு சரக்கு குடுத்தவன ரெண்டு வார்த்தை திட்டிட்டு, "செல்வின் வண்டிக்கு ஒண்ணும் பயமில்ல. நீ அளந்துதான குடுத்த?"ன்னாரு. நோட்ட எடுத்துப் பாத்தாரு. நூறு, நூறு. "பாரு, நீயே எழுதியிருக்கற. அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்குது?"

அப்பவே சொல்லியிருக்கோணும். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அவரு என்னப் பாத்துச் சிரிக்கறாரு. என்ற நம்பர் மேல அவருக்கு அத்தன நம்பிக்கை. மத்த பட்டறைக்காரங்ககிட்ட, "எங்கூட்ல அளந்துட்டா நான் மறுபடி பாக்கறதே இல்ல"ம்பாரு. எப்படிச் சொல்றது?

வெடிய வெடியத் தூங்கல. அஞ்சு மணிக்கு அவர எழுப்பினேன். "ஏனுங்க, மீட்டர் மேல எனக்குச் சந்தேகமா இருக்குது. நேத்துக் கரண்டு வந்து வந்து போச்சு. நம்பர் தப்பாக் காட்டியிருக்கும். இன்னிக்கு செவ்வாய்க்கெழமை, அவிய எறங்கற நாளு. போயிரலாம்"னேன். பொய்தான். மீட்டரு மேல பழியப் போட்டேன். ஆனா அவரு அத அப்படியே நம்பிட்டாரு. எந்திரிச்சு சட்டையப் போட்டாரு. ஜாக்கியையும் பழைய ஸ்பிரிங்கையும் வண்டியில வெச்சாரு. கெளம்பிட்டோம்.

ஆழியாறு தாண்டி மலையேற ஆரம்பிச்சப்பவே மழை. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டு போர்டு இருக்குது. ஒண்ணுல இருந்து மேல மேல ஏறும். நான் எதுக்க எறங்கற ஒவ்வொரு வண்டியவும் பாக்கறேன். பஸ்ஸு. தேயிலை லாரி. ஜீப்பு. ஒவ்வொரு வெளிச்சம் வர்றப்பவும் அவருதான்னு நெனச்சு மூச்சப் புடிப்பேன். பத்தாவது வளைவு, பதினொண்ணு. அதுக்கு மேல பனி. முன்னால பத்தடி தெரியல. எங்கூட்டுக்காரரு, "செல்வின் நெதானமான ஆளு, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டே வர்றாரு. எனக்கு அவரு வாயப் பொத்தோணும்போல இருந்துச்சு.

பதினேழாவது வளைவுக்குக் கீழ வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. ஹார்னடிக்கறான், எவனும் நகரல. நான் கதவத் தொறந்து எறங்கி ஓடினேன். மழையில செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு. ஆளுக கூட்டமா நின்னு கீழ எட்டிப் பாக்கறாங்க. அந்த எட்டிப் பாக்கறதப் பாத்ததும் நான் நின்னுட்டேன். அதுக்கு மேல என்னால போக முடியல. ரோட்டுல நின்னுட்டு ஒண்ணு, ரெண்டுன்னு என்னமோ எண்ணிட்டு இருந்தேன். எதுக்கு எண்ணினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

எங்கூட்டுக்காரருதான் பின்னால வந்து தோளப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு.

வண்டி கீழ போகலீங்க்கா. பின் பக்கம் சுவத்துல மோதி, சுவரு ரெண்டடி ஒடஞ்சு, வலது பின் சக்கரம் அந்த ஓட்டையில தொங்கிட்டு நிக்குது. ஒடஞ்ச கல்லு எங்க போச்சுன்னுதான் ஆளுக எட்டிப் பாத்திருக்காங்க. செல்வின் ரோட்டோரத்துல குத்த வெச்சு உக்காந்து, ரெண்டு கையிலயும் தலையப் புடிச்சுட்டு இருக்காரு. "நான் மெதுவாத்தாங்கா வந்தேன். மாதா மேல சத்தியமா மெதுவாத்தான் வந்தேன்"ன்னு அதையே சொல்றாரு. மூணு பேரும் உசுரோட இருந்தாங்க. செல்வின் சொன்ன அந்தப் புஷ்பத்தக்கா, மரிய புஷ்பம்னு பேரு, வலது பக்கச் சீட்டுல இருந்தவங்க, அவிய கை மட்டும் கதவுல அடிச்சு மணிக்கட்டு ஒடஞ்சிருந்துச்சு. வலது கை. இடது கையிலதான் டயாலிசிஸ் ஊசி போடறது. அந்தக் கை ஒடஞ்சிருந்தா டயாலிசிஸே பண்ண முடியாமப் போயிருக்கும்னு இங்க வந்த பொறகுதான் டாக்டரு சொன்னாரு.

அவிய மூணு பேரையும் எங்க கார்ல ஏத்திட்டு இந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து விட்டோம். அந்தப் புஷ்பத்தக்கா வலியோட என்ற மடியில தலை வெச்சுட்டு என்ன சொன்னாங்க தெரியுங்களா? "சரியான நேரத்துக்கு வந்தியேம்மா. உன்ன மாதாதான் அனுப்பியிருக்காங்க." நான் தலையாட்டினேன். வேற என்ன பண்ணறது? அந்த நேரத்துல அதப் போயி மறுத்துப் பேச முடியுங்களா?

செல்வின் வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து எங்கூட்டுக்காரரு ஸ்பிரிங்கக் கழட்டினாரு. பட்டறையில அவரே பிரஸ்ல வெச்சாரு. நான் வாசப்படியில நிக்கறேன். இடது நூறு. வலது எழுபத்தஞ்சு. மறுபடி இடது, மறுபடி வலது. மீட்டர் சரியாத்தான் காட்டுது. அவரு நோட்டப் பாத்தாரு. அப்பறம் என்னப் பாத்தாரு. ஸ்பிரிங்க எடுத்து மூலையில போட்டாரு, பழசையே வண்டியில மாட்டிட்டு, கைய கழுவிட்டுப் போயிட்டாரு.

மூணாம் நாள் செல்வின் வந்தாரு. நேரா உள்ள வந்து, "எப்படியாச்சு? எனக்குத் தெரியோணும்"ன்னாரு. நான் சொல்லத்தான் போனேன். சத்தியமா சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள எங்கூட்டுக்காரரு முன்னால வந்து, "என்ற தப்பு. வலது பக்கத்துத அளக்கறதுக்கு மின்ன நாந்தான் எடுத்து மாட்டிட்டேன்"ன்னுட்டாரு.

செல்வின் ஓங்கி ஒரு அறை விட்டாரு. எங்கூட்டுக்காரருக்கு அம்பத்திரண்டு வயசுங்க்கா. எங்கப்பன்கூட அவர 'வாங்க மாப்ள'ன்னுதான் கூப்பிடுவாரு. கன்னத்தப் புடிக்கக்கூட இல்ல, அப்படியே நின்னாரு. செல்வின் போயிட்டாரு. நான் பிரஸ்ஸுகிட்ட நின்னுட்டே இருந்தேன்.

எனக்கு அவரு மேல கோவம்தான் வந்துச்சு. ஆமாங்க. அவர யாரு குறுக்க வரச் சொன்னது? அவரு வாயத் தொறக்காம இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேனல்ல? பதினஞ்சு நாள் அவருகூட சரியாப் பேசல. சோத்தப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன். அவரும் பேசல. பட்டறையில ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் நாலு தடவ அளக்கறேன். ராத்திரி கண்ண மூடினா அந்தத் தொங்கற சக்கரம் சுத்துது. செவ்வாயும் வெள்ளியும் விடிஞ்சா எனக்கு அதே நெனப்பு. இப்ப எறங்கிட்டு இருப்பாங்க, இப்ப பதினேழாவது வளைவுல இருப்பாங்கன்னு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். இது யாருகிட்டயும் சொன்னதில்ல. கரண்டு போச்சுன்னேனல்ல? பத்து நிமிசத்துல வந்துருச்சுங்க. அவரு இடது பக்கத்தையே அப்ப முடிக்கல. வலது பக்கத்து ஸ்பிரிங்கு அவருக்குப் பக்கத்துல தரையில கெடந்துச்சு. நான் நெனச்சேன், அத எடுத்து அளந்திரலாமான்னு. அஞ்சு நிமிச வேலை. ஆனா நோட்டுல எழுதிட்டேனே. எழுதினத எதுக்கு மறுபடி அளக்கறதுன்னு விட்டுட்டேன்.

அவ்வளவுதான்.

அப்பறம் ஒரு வெள்ளிக்கெழமை எங்கூட்ல சொல்லாம பஸ் ஏறி இங்க வந்தேன். இதே வராந்தாவுலதான் செல்வின் உக்காந்திருந்தாரு. எதுக்க நின்னுட்டே சொன்னேன். "அவரில்ல. நாந்தான். அளக்காமயே நூறுன்னு எழுதினது நாந்தான்." அவரு அடிச்ச தன்ற கையப் பாத்தாரு. அப்பறம், "உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமாக்கா?"ன்னாரு. தெரியும்னேன். "நீங்க இங்க வந்தது?" தெரியாதுன்னேன். "போயி சொல்லுங்க. செல்வின் தப்பான ஆளை அடிச்சுட்டான்னு சொல்லுங்க."

அன்னைக்கு ராத்திரி எங்கூட்டுக்காரரு சாப்பிட்டுட்டு இருக்கறப்ப, செல்வின்கிட்டப் போயி ஒத்துக்கிட்டதச் சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். "இப்ப அவன் வண்டி எந்த ஸ்பிரிங்ல ஓடுது?"ன்னு கேட்டாரு. பழசுலதான், குழிக்குக் குழி இடிச்சுட்டுதான்னேன். "கூப்பிடு அவன. வரச் சொல்லு"ன்னாரு.

செல்வின் வந்தாரு, போன ஞாயித்துக்கெழமை. எங்கூட்டுக்காரரும் அவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. செல்வின் முன்னாலயே அளந்தேன். மீட்டருக்கு மின்ன அவர உக்கார வெச்சு, எடைக்கல்ல வெச்சு மீட்டரச் சரி பாத்து, ரெண்டு ஸ்பிரிங்கையும் நாலு நாலு தடவ. நூத்தியொண்ணு, நூறு. கம்பி ரெண்டும் பன்னெண்டு. எங்கூட்டுக்காரரு மாட்டினாரு. முடிஞ்சதும் செல்வின் சாவிய வாங்கல.

"நம்பரெல்லாம் பாத்தேங்கா. அன்னிக்கும் நோட்டுல நம்பர் இருந்துச்சு. புஷ்பத்தக்கா உக்கார்ற எடத்துல நீங்க உக்காந்து நாப்பது வளைவும் எறங்கி வாங்க. திரும்ப ஏறியும் வாங்க. அப்பறம் நான் இந்த ஸ்பிரிங்க நம்பறேன்"ன்னாரு. எங்கூட்டுக்காரரு, "நான் வர்றேன்"ன்னாரு. "நீங்க வேண்டாம். அக்காதான்"ன்னாரு.

நேத்துப் பொழுதோட பஸ்ல வால்பாறை போயி செல்வின் வீட்லயே தங்கினேன். அவரு சம்சாரம் சுடுசோறு போட்டுது. என்னால ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. காலையில வண்டியில ஏறினா புஷ்பத்தக்கா, "வாம்மா, நீயா!"ன்னு சந்தோசமா நடுவுல நகந்து வலது பக்கச் சன்னலோரம் எடங்குடுத்தாங்க. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. செல்வின் சொல்லல. போன வாரந்தான் கட்டுப் பிரிச்சிருக்காங்க, கை வெளுத்துச் சூம்பிப் போயிருக்குது.

நாப்பதுன்னு போர்டு. முப்பத்தொம்பது. ரோடு ஈரம். இடது பக்கம் திரும்பறப்பெல்லாம் வண்டி என்ற பக்கம் சாயும். என்ற காதுக்கு ரப்பர் கட்டை முட்டற சத்தம் கேக்குதான்னு கேட்டுட்டே வர்றேன். முட்டல. சாஞ்சு, நின்னு, நிமிருது. அளவா நிமிருது. ஆனா நம்பிக்கை வரல. நானே அளந்தது, என்ற கண்ணாலயே பாத்த நம்பரு, எனக்கே நம்பிக்கை வரல. முப்பது. இருபத்தஞ்சு. சன்னலுக்கு வெளிய பாத்தா வெறும் பனி. அதுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு தெரியாம இருக்கறதே மேல். செல்வின் கண்ணாடியில என்னையே பாக்கறாரு. எனக்கு, ரோட்டப் பாருங்கன்னு கத்தோணும்போல இருக்குது.

பதினேழு. புதுசாக் கட்டின சுவரு, சிமெண்டு இன்னும் வெள்ளையாத் தெரியுது. புஷ்பத்தக்கா, "இங்கதான்"ன்னாங்க. வண்டி வலது பக்கம் சாஞ்சுது. நான் கண்ண மூடிட்டேன். மூடிட்டு, என்னன்னே தெரியல, வாயில வந்துருச்சு. "அக்கா, அந்த ஸ்பிரிங்க அளக்காம விட்டது நாந்தானுங்க. உங்க கை ஒடஞ்சது என்னாலதானுங்க."

கண்ணத் தொறந்தா பதினாறு தாண்டியாச்சு. பதினஞ்சு. பதினாலு. புஷ்பத்தக்கா நேரா முன்னாலயே பாத்துட்டு வர்றாங்க. பன்னெண்டாவது வளைவு முடிஞ்ச பொறகு கேட்டாங்க.

"இந்தத் தடவ அளந்தியா?"

"அளந்தேனுங்க. நாலு தடவ."

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"அப்ப என் கைய விடு. வலிக்குது."

குனிஞ்சு பாத்தா, ஒடஞ்ச அந்தக் கையவே ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுட்டு வந்திருக்கறேன். எந்த வளைவுல புடிச்சேன்னு எனக்குத் தெரியலீங்க்கா.